மேக்கரும் செக்கரும்

ஒரு தேர்வில் தோற்றதைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுத நியாயம் சொல்லியாக வேண்டும். அது இலக்கியத் தேர்வும் அல்ல. சிஸா என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற, தகவல் அமைப்புத் தணிக்கையாளருக்கான தேர்வு. 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய, இன்று ஐசாகா என்ற பெயரில் இயங்குகிற ஒரு சங்கம் இதை நடத்துகிறது. 2024 நவம்பரில் இதில் தோற்றேன். 2025 மார்ச்சில் மறுபடியும் எழுதினேன். இடையில் கழிந்த நான்கு மாதங்களில், விமர்சனம் என்பதைப் பற்றி நான் பத்து வருஷமாகக் கொண்டிருந்த சில நிச்சயங்கள் கலைந்துபோயின. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கடைசியில் ஒரு பழைய கணக்கையும் நேர்செய்ய வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வங்கியில் வேலைபார்த்துக்கொண்டு எழுதுகிற ஒவ்வொருவனும் தன் வாழ்வில் ஒருமுறையாவது எலியட்டைத் துணைக்கு அழைத்திருப்பான். 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது நமக்கெல்லாம் ஒரு மருந்து. எனக்கும் அது வெகுகாலம் வேலை செய்தது. பகலில் கவுண்ட்டர், இரவில் விமர்சனம் என்று இரண்டு அறைகளாக வாழ்ந்தேன். நடுவில் கதவு இல்லை என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்தச் சுவரில் முதல் விரிசல் 2022-ல் விழுந்தது. வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றை விளக்கவேண்டும். கணினியில் ஒரு வரவையோ பற்றையோ பதிகிறவர் மேக்கர். அதைப் பார்த்து ஒப்புதல் தருகிறவர் செக்கர். மேக்கர் குமாஸ்தா, செக்கர் அதிகாரி. ஒருவர் பதிந்ததை அவரே ஒப்புக்கொள்ள முடியாதபடி கணினி தடுக்கும். ஆனால் கணினிக்குக் கடவுச்சொல்தான் தெரியும், ஆளைத் தெரியாது. சம்பள நாளில், ஓய்வூதிய நாளில், கூட்டம் வாசற்படிவரை நிற்கும்போது அதிகாரியின் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும். அப்படி ஒரு நாளில் நான் பதிந்த ஐம்பது அறுபது பதிவுகளை நானே அவருடைய இருக்கையில் போய் உட்கார்ந்து ஒப்புக்கொண்டேன். அவற்றில் ஒன்றில் கணக்கு எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. ஒரு விதவையின் பணம் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் விழுந்தது. பணம் பிற்பாடு திரும்பிவிட்டது. அந்த அம்மாள் மூன்று முறை பஸ் ஏறி வந்ததுதான் திரும்பவில்லை.

சில மாதம் கழித்துத் தணிக்கைக்கு ஓர் அம்மையார் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தாதவர். அந்தப் பதிவைத் திரையில் காட்டி, “இதைப் பதிந்தது யார்?” என்றார். “நான், மேடம்.” “சரிபார்த்தது?” நான் பேசாமல் நின்றேன். “அன்றைக்கு இந்த அதிகாரி மத்தியானத்துக்கு மேல் லீவு” என்று அவரே சொன்னார். “நான்தான், மேடம்” என்றேன். அவர் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அதிகாரிக்கும் எனக்கும் மெமோ வந்தது. நான் அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதி முடிக்கவேண்டியிருந்த மதிப்புரை ஒன்றை எழுத முடியவில்லை. சரிபார்த்தது யார் என்ற கேள்வி காகிதத்தின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று அன்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

தேர்வுக்குப் பணம் கட்டியது அந்த அம்மையாரால்தான் என்று சொன்னால் மிகையில்லை. உத்தியோக லாபம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தேறினாலும் உடனே சான்றிதழ் கிடைக்காது. தணிக்கை, கட்டுப்பாடு, பாதுகாப்பு ஆகிய துறைகளில் ஐந்து வருஷ அனுபவம் காட்டவேண்டும். படிப்பைக் காட்டிச் சில வருஷம் தள்ளுபடி பெறலாம். தேறிய நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஒரு குமாஸ்தாவுக்கு இது வெகுதூரத்து நிலா. ஆனால் 2011-ல் ரிசர்வ் வங்கி தகவல் பாதுகாப்பைப் பற்றி விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டதிலிருந்து இத்துறையில் ஆள்தேவை வளர்ந்துகொண்டே போகிறது. 2023 நவம்பரில் வெளியாகி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் ஆணை இன்னும் கறாரானது. வட்டார அலுவலகத்தில் எப்போதாவது ஒரு நாற்காலி காலியாகலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டணம் உறுப்பினருக்கு 575 டாலர், மற்றவர்க்கு 760. தோற்றால் மறுபடியும் முழுக் கட்டணம். உறுப்பினர் சந்தாவும் இரண்டு தடவைக் கட்டணமும் சேர்ந்து லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. “ரெண்டு கவிதைப் புஸ்தகம் போட்டிருக்கலாம்” என்றான் நண்பன். இந்த நண்பனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து படித்தேன். தேர்வு ஐந்து பகுதிகளைக் கொண்டது: தணிக்கை முறை, நிர்வாகம், அமைப்புகளை வாங்குவதும் உருவாக்குவதும், அன்றாட இயக்கமும் இடர்க்காலத் தாக்குப்பிடிப்பும், தகவல் சொத்துக்களின் பாதுகாப்பு. கடைசி இரண்டும் தலைக்கு 26 சதவீதம். மறையாக்கம், தீச்சுவர், பேரிடர் மீட்பு என்று எனக்கு அன்னியமான விஷயங்கள் அங்கேதான் குவிந்திருந்தன. அவற்றுக்கே நான் பயந்தேன், அவற்றையே உருப்போட்டேன். தணிக்கை முறை என்ற முதல் பகுதியை ஒரு வாரத்தில் படித்து ஒதுக்கிவைத்தேன். ஒன்றைப் பார்ப்பது, எடைபோடுவது, தீர்ப்புச் சொல்வது — இதைத்தானே பத்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம்.

நூற்றைம்பது கேள்விகள், நான்கு மணி நேரம். ஒரு கேள்விக்கு 96 வினாடி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். நமக்குப் பழக்கமான பரீட்சைகளில் நான்கில் மூன்று தப்பு, ஒன்று சரி. இங்கே அநேகமாக நான்குமே சரியாகத்தான் இருக்கும். கேள்வியில் ஒரே ஒரு சொல் பெரிய எழுத்தில் நிற்கும்: ‘முதலில்’, ‘மிகச் சிறந்த’, ‘முதன்மையான’. நான்கு சரிகளில் அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். தேர்வின் கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று எழுதியவர் எல்லோரும் ஒப்புக்கொடுத்திருக்கிறோம். ஆகவே மாதிரிக்கு நானே ஒன்று கட்டுகிறேன். வேலையை விட்டுப்போன ஊழியர்களின் கணக்குகள் கணினியில் இன்னும் உயிரோடு இருப்பதைத் தணிக்கையாளர் பார்க்கிறார். அவர் முதலில் என்ன செய்யவேண்டும்? கணக்குகளை உடனே நீக்கச் சொல்லவேண்டுமா, மேலிடத்துக்கு அறிக்கை தரவேண்டுமா, ஆட்கள் போனபிறகு அந்தக் கணக்குகள் உபயோகிக்கப்பட்டனவா என்று பார்க்கவேண்டுமா, விதியைத் திருத்தச் சொல்லவேண்டுமா?

நான் நீக்கச் சொல்வேன். திறந்துகிடக்கிற கதவைச் சாத்தாமல் யார் வந்துபோனார்கள் என்று விசாரிப்பது எனக்கு மூடத்தனமாகப் பட்டது. விடை மூன்றாவது. கதவைச் சாத்துவது வீட்டுக்காரர் வேலை. தணிக்கையாளர் வேலை என்ன நேர்ந்திருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்வது; அப்புறம்தான் அறிக்கை.

சென்னையில் தேர்வு மையம். இரவு ரயிலில் போய் இறங்கினேன். கைக்கடிகாரம், பர்ஸ், பேனா எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டவேண்டும். எழுதுகிறவனைப் பேனா இல்லாமல் ஒரு அறைக்குள் விடுவதில் ஏதோ பொருத்தம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அந்த மாதிரி நினைப்புக்குத்தான் அன்று தண்டனை கிடைத்தது. கேள்விகளைக் கவிதைபோல் வாசித்தேன். எம்ப்சன் 1930-ல் பொருள்மயக்கத்தில் ஏழு வகை காட்டிப் புத்தகம் எழுதினார். ஒரு சொல் ஒரே சமயத்தில் இரண்டு பொருளைத் தாங்கினால் அது செழுமை என்று அவரிடமிருந்தும் அவர் வழியில் வந்தவர்களிடமிருந்தும் கற்றவன் நான். ஒவ்வொரு கேள்வியிலும் எழுதியவர் நினைக்காத இரண்டாவது பொருளைக் கண்டேன். நான்கு விடைகளுக்கும் வாதம் செய்தேன். இரண்டு மணி நேரம் முடிந்தபோது 52 கேள்விகள் ஆகியிருந்தன. மீதி 98-ஐ ஓட்டமாக ஓடி முடித்தேன். முடித்ததும் திரையிலேயே வந்துவிட்டது, தேறவில்லை என்று.

சில நாளில் மதிப்பெண் விவரம் மின்னஞ்சலில் வந்தது. 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 450 எடுத்தால் தேர்ச்சி, எனக்கு 418. பயந்து படித்த பாதுகாப்பு, இயக்கம் இரண்டிலும் சுமாராகத் தப்பித்திருந்தேன். எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது முதல் பகுதி. தணிக்கை முறை. எனக்குத் தெரிந்தது என்று ஒதுக்கிவைத்த அது.

இந்த இடத்தில் எனக்குள் இருந்த விமர்சகன் செய்த முதல் காரியம் தேர்வைக் குறைசொன்னதுதான். மேற்கத்திய நிர்வாகத்தின் மதிப்புகளை இயற்கை விதிகள்போல் உலகத்துக்கு விற்கிறார்கள், ‘மிகச் சிறந்த விடை’ என்பது அதிகாரத்தின் இன்னொரு பெயர், இத்யாதி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 418 எடுத்தவன் சொல்லும்போது அந்த உண்மைக்குப் பலம் குறைவு. வாயை மூடிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து, முதல் பகுதியை மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை மெதுவாக.

அதில் இடர்ப்பாட்டை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒரு காரியத்தின் இயல்பிலேயே உள்ளது முதல் வகை. ரொக்கம் கையாளும் இடத்தில் திருட்டு சாத்தியம் என்பதுபோல. அதைத் தடுக்க வைத்த கட்டுப்பாடு தவறிப்போவது இரண்டாவது வகை. இவ்விரண்டும் நடந்து, பரிசோதிக்க வந்த தணிக்கையாளரே அதைக் காணாமல் போவது மூன்றாவது வகை. முதல் இரண்டும் தணிக்கைக்கு உட்படுகிறவர்களுடையவை. தணிக்கையாளர் அவற்றை மாற்ற முடியாது, மதிப்பிடத்தான் முடியும். மூன்றாவது முழுக்க அவருடையது. தன் முயற்சியால் அவர் குறைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

இதைப் படித்த அன்று வேறெதுவும் படிக்கவில்லை. நம் விமர்சனத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவிஞனின் போதாமை பற்றி எழுதியிருக்கிறோம். அது முதல் வகை. சூழலின் சீரழிவு பற்றி, பத்திரிகைகள், பரிசுகள், பல்கலைக்கழகங்கள் பற்றி எழுதியிருக்கிறோம். அது இரண்டாவது வகை. என் வாசிப்பு இந்த இடத்தில் தவறியிருக்கலாம், நான் பார்த்தது இவ்வளவு, பார்க்காதது இவ்வளவு என்று எந்த விமர்சகன் எழுதினான்? நான் எழுதியதில்லை. 1929-ல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கேம்ப்ரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை ஆராய்ந்த புத்தகம் அது. கவிதைகளைவிட அதில் பரிசோதனைக்கு உள்ளானவர்கள் வாசகர்கள். பி.ஏ. வகுப்பில் அதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அந்த மாணவர்களில் ஒருவனாக என்னை நினைத்துப் பார்த்ததில்லை.

சாட்சியம் பற்றிய அத்தியாயமும் சங்கடமானது. தானே நேரில் கண்டதற்கும் வெளியாள் தந்ததற்கும் மதிப்பு அதிகம். சம்பந்தப்பட்டவர் வாய்மொழியாகச் சொன்னதற்கு மிகவும் குறைவு. மாதிரிக்குச் சிலவற்றை எடுக்கும்போது தனக்கு வேண்டியதைப் பொறுக்கக்கூடாது. நாம் ஒரு தொகுப்புக்கு மதிப்புரை எழுதுகிறோம். அறுபது கவிதைகளில் மூன்றிலிருந்து நாலு நாலு வரி எடுத்துக் காட்டுகிறோம். புகழ்ந்தால் அந்த மூன்று. திட்டினால் வேறு மூன்று. தீர்ப்பு முதலில் எழுதப்பட்டுவிடுகிறது, சாட்சி பிறகு கூப்பிடப்படுகிறது. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கிய செல்லப்பா அலசல் என்று வற்புறுத்தியதும், க.நா.சு. பட்டியல்களைத் தந்ததும் நமக்குப் பழைய சண்டை. நான் செல்லப்பா கட்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். என் மதிப்புரைகளை எடுத்துவைத்துப் பார்த்தேன். அலசல்போல் உடையணிந்த பட்டியல்கள். க.நா.சு.வின் பட்டியல் குறைந்தபட்சம் தன்னைப் பட்டியல் என்று ஒத்துக்கொண்டது. அவர் படிப்பின் விஸ்தாரம் அதற்குப் பின்னால் நின்றது. என்னுடையதற்குப் பின்னால் என்ன நின்றது?

இந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது வெறும் சங்கடம்தான் என்று நினைக்கவேண்டாம். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நியூயார்க்கில் இருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரைச் சுருட்டப் பார்த்தார்கள். கணினிக்குள் புகுந்தவர்கள் 35 ஆணைகள் அனுப்பினார்கள். செய்திகளை அச்சிட்டுத் தள்ளவேண்டிய பிரிண்டர் நின்றுபோயிருந்தது. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி நின்றது. எதனால்? பெறுகிற நிறுவனத்தின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்று இருக்கவேண்டியது ‘ஃபண்டேஷன்’ என்று இருந்தது. வழியில் இருந்த வங்கியில் யாரோ அதைப் படித்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்கள். நெருங்கிய வாசிப்பு என்று நாம் சொல்வதற்கு இரண்டு கோடி டாலர் மதிப்பு கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். அந்த ஆள் எழுத்துப் பிழைக்கு அர்த்தம் கற்பிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நானாக இருந்தால் கற்பித்திருப்பேன்.

மார்ச்சில் இரண்டாம் தடவை போனேன். அதே மையம், அதே பெட்டி, அதே பூட்டு. இந்த முறை கேள்வி என்ன கேட்கிறதோ அதை மட்டும் படித்தேன். இரண்டாவது பொருள் தென்பட்டபோதெல்லாம் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்தேன். மூன்றரை மணியில் முடிந்தது. திரையில் தேர்ச்சி என்று வந்தது. பின்னால் வந்த கணக்குப்படி 471. பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே கவுண்ட்டரில் இருந்தேன்.

இனி அந்தப் பழைய கணக்கு. சுதந்திரம் என்று அந்தப் பகுதியில் ஒரு தலைப்பு உண்டு. ஓர் அமைப்பை உருவாக்குவதில் பங்கெடுத்தவர் பிறகு அதையே தணிக்கை செய்யக்கூடாது. அப்படி ஒரு வேலை வந்தால், தொடங்குமுன் தன் சம்பந்தத்தை மேலிடத்துக்குச் சொல்லிவிடவேண்டும். மேக்கரும் செக்கரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்ற அதே விஷயம். 2022-ல் அந்த அம்மையார் கேட்ட கேள்வி ஏன் மதிப்புரைக் காகிதத்தின்மேல் வந்து உட்கார்ந்தது என்பது இதை இரண்டாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது. புரியாததுபோல் இருக்க முடியாமல் போயிற்று என்பது சரியாக இருக்கும். அன்று நான் எழுத முடியாமல் தவித்தது, நான் மேலே சொன்ன நண்பனின் கவிதைத் தொகுப்புக்கான மதிப்புரை. அந்தத் தொகுப்பின் கைப்பிரதி ஒரு வருஷம் என்னிடம் இருந்தது. வரிகளை வெட்டினேன். வரிசையை மாற்றினேன். சில கவிதைகளின் முடிவுகள் என்னுடையவை. அப்புறம் ஒரு வாரம் தாமதித்து அந்த மதிப்புரையை எழுதியும் முடித்தேன். அது சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. ‘முடிவுகளில் அபாரமான சிக்கனம்’ என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது.

நம் வட்டத்தில் இது அதிசயம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருநூறு பிரதி அச்சிடும் இடத்தில் எழுதுகிறவனும் திருத்துகிறவனும் மதிப்பிடுகிறவனும் மெய்ப்புப் பார்க்கிறவனும் அதே ஏழெட்டுப் பேர். சம்பள நாள் கூட்டம்போல ஒரு நிர்ப்பந்தம் இங்கேயும் உண்டு. மேக்கர்-செக்கர் விதியை அப்படியே கொண்டுவந்தால் நாம் பத்திரிகை நடத்தவே முடியாது. கவிதை கணக்குப் பதிவு அல்ல என்பதும் உண்மை. ஆனால் அந்த மதிப்புரையை நம்பி அந்தப் புத்தகத்தை வாங்கியவர் யாரேனும் இருந்தால், அவர் முன்னால் நான் அந்த விதவை அம்மாள் முன்னால் நின்றதுபோலத்தான் நிற்கவேண்டும். விதி கேட்பது விலகிக்கொள் என்றுகூட அல்ல, சொல்லிவிடு என்றுதான்.

சொல்லப்போகிறேன் என்று நண்பனிடம் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. “நீ பாஸ் பண்ணினதுக்கு நான் மெமோ வாங்கணுமா?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கவிதைகளில் என் கை பட்டதைச் சொல்லும்போது என் நேர்மை உயர்கிறது, அவன் புத்தகம் தாழ்கிறது என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. தணிக்கை முறையில் இதற்கு வாய்ப்பாடு எதுவும் நான் படித்ததாக நினைவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தபோது அவனே சொன்னான்: “எழுது. ஆனா எந்தெந்தக் கவிதைன்னு எழுதாதே.”

எழுதிவிட்டேன். எந்தக் கவிதைகள் என்று எழுதவில்லை. அவன் பெயரையும் எழுதவில்லை. முழுமையற்ற வெளிப்படுத்தல் என்று அந்த அம்மையார் இதைக் குறித்துக்கொள்வார். குறித்துக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரையை அச்சுக்குப் போகுமுன் வேறொருவர் படித்துப் பார்க்கவேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் என்று என்னிடம் சொல்லவேண்டாம் என்றும்.